ஊர் சுற்றிக் காட்டினால் சம்பளம் தருவார்களா?

கேள்வி கேட்ட தம்பி குளச்சல் பக்கம் என்று எழுதியிருக்கிறார். பி.ஏ. வரலாறு முடித்தாயிற்று, கேமரா முன்னால் பேசக் கூச்சமில்லை, ஊர் சுற்றப் பிடிக்கும். தொலைக்காட்சியில் பயண நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆக என்ன படிக்க வேண்டும், வருமானம் எப்படி, நம் குமரித் தமிழ் தடையாக இருக்குமா என்று மூன்று கேள்வி. மூன்றையும் சேர்த்துப் படித்தால் அவர் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: நான் ஊர் சுற்ற இன்னொருவர் காசு கொடுப்பாரா, கொடுத்தால் அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா? வீட்டில் அப்பாவிடம் சொல்ல ஒரு பதில் வேண்டும் அவருக்கு. சரி, சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் தொகுப்பாளர் இல்லை, கேமராவுக்குப் பின்னால் நின்றவன். பயண நிகழ்ச்சிகளுக்கும் சாப்பாட்டு நிகழ்ச்சிகளுக்கும் தகவல் திரட்டுவது, ஸ்கிரிப்ட் எழுதுவது, அப்புறம் ஃபீல்டு புரொடியூசர் என்று சென்னையில் பல வருடம் ஓடியது. இப்போது நாகர்கோவிலில் இருந்துகொண்டு, வெளியூர்க் குழுக்கள் நம் மாவட்டத்துக்குப் படமெடுக்க வரும்போது கூடமாட நின்று ஏற்பாடு செய்து கொடுக்கிறேன். அதனால் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று என்னால் சொல்ல முடியும். சம்பளத்துக்கு மட்டும் ஒரு தொகை சொல்லமாட்டேன். ஆளுக்கு ஆள், ஸ்லாட்டுக்கு ஸ்லாட், அதாவது ஒளிபரப்பு நேரத்துக்கு நேரம் மாறுகிற விஷயம் அது. நான் ஒரு எண்ணைச் சொன்னால் நீங்கள் அதையே பிடித்துக்கொள்வீர்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று. உலகத்தில் பெயர் வாங்கிய பயணத் தொகுப்பாளர்களில் அநேகம் பேர் அந்த வேலைக்கென்று கிளம்பி வந்தவர்கள் இல்லை. வேறொரு தொழிலில் காலூன்றி, அதிலிருந்து இதற்குள் வந்தவர்கள். பிபிசியின் மைக்கேல் பாலின் நகைச்சுவை நடிகர், மான்டி பைத்தான் குழுவில் ஒருவர். 80 நாளில் உலகைச் சுற்றும் தொடருக்கு பிபிசி அவரை முதலில் கேட்கவே இல்லை. ஆலன் விக்கர் போன்ற பெரிய ஆட்கள் மறுத்த பிறகுதான் வாய்ப்பு இவரிடம் வந்தது. 1989ல் ஒளிபரப்பானபோது அவருக்கு வயது 46. அமெரிக்காவின் அந்தோணி போர்டெய்ன் நியூயார்க்கில் சமையல்காரர். அடுப்படியில் பல வருடம் வெந்து, சமையலறை வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி அது ஓடிய பிறகு, 2002ல்தான் தொலைக்காட்சிக்கு வந்தார்.

அவ்வளவு தூரம் போவானேன். பக்கத்திலேயே, நம் வீடுகளில் பலரும் பார்க்கிற மலையாளச் சேனலில் ஒருவர் இருக்கிறார். சந்தோஷ் ஜார்ஜ் குளங்கர. கோட்டயம் பக்கம் மரங்காட்டுப்பிள்ளிக்காரர். குடும்பத்துக்கு லேபர் இந்தியா என்ற கல்விப் பதிப்பகம் இருந்தது. 1997ல் நேபாளத்துக்குப் போய்ப் படமெடுக்கத் தொடங்கினார். அவருடைய ‘சஞ்சாரம்’ ஏசியாநெட்டில் வந்தது 2001ல். நடுவில் உள்ள வருடங்களைக் கவனியுங்கள். வருடக்கணக்காகக் கைக்காசில் படமெடுத்து வைத்திருக்கிறார் மனுஷன். 2013ல் சஃபாரி என்று சொந்தமாக ஒரு சேனலே தொடங்கினார். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் போயிருக்கிறார். இதில் நான் முக்கியமாக நினைப்பது வேறு. அவர் போவது தனியாக. கேமராவைப் பிடிப்பதும் அவரே. பின்னால் ஓடுகிற குரல்கூட அவருடையது இல்லை, வேறொருவர் பேசுகிறார். கேமராவைப் பார்த்துச் சிரித்துக் கைவீசுகிற தொகுப்பாளர் என்ற உருவமே அதில் கிடையாது. ஆனாலும் கேரளத்தில் பயண நிகழ்ச்சி என்றதும் ஜனங்களுக்கு நினைவு வருவது அவர் முகம்தான்.

நீங்கள் கேட்கலாம், அவருக்குப் பின்னால் பதிப்பகம் இருந்தது, எனக்கு என்ன இருக்கிறது என்று. நியாயமான கேள்விதான். பயண நிகழ்ச்சியில் நிலைத்தவர்களுக்கு ஒன்று, ஏற்கெனவே பெயர் இருந்தது, இல்லாவிட்டால் சம்பளம் வராத வருடங்களைத் தாங்க ஏதோ ஒன்று இருந்தது. இரண்டும் இல்லாமல் வந்து ஜெயித்தவர்களும் இருக்கலாம். அந்த நம்பிக்கையில் மட்டும் இறங்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

இனி வேலை. டிவியில் பார்க்கும்போது தொகுப்பாளர் தனியாக நடந்து போவதுபோல் தெரியும். பாலின் தன் கூடவே வந்த கேமராக் குழுவுக்கு ‘பாஸ்பார்ட்டூ’ என்று பேர் வைத்துக் கூப்பிட்டார், 80 நாளில் உலகைச் சுற்றுகிற ஜூல்ஸ் வெர்னின் பழைய நாவலில் வரும் வேலைக்காரன் பேர். குழு இருக்கிறது என்பதை அவர் மறைக்கவே இல்லை. அந்தத் தொடரில் எல்லோரும் இன்றும் பேசுகிற பகுதி துபாயிலிருந்து பம்பாய்க்கு மரக்கலத்தில் வந்தது. குஜராத்தி மாலுமிகளோடு ஒரு வாரம், பேச்சுமொழிகூடச் சரியாக ஒத்துப்போகாது. ஒரு மாலுமியின் காதில் தன் வாக்மேனை மாட்டி அமெரிக்கப் பாட்டைக் கேட்கவைத்து, அந்த முகம் மாறுவதைப் பார்க்கிறார். கேமரா அதைப் பிடித்துக்கொள்கிறது. அப்படி ஒன்றை ஸ்கிரிப்டில் எழுத முடியாது. ஆனால் ஒரு வாரம் அந்தப் படகில் கிடந்தால்தான் அது கிடைக்கும். நம் சேனல்களில் ஒரு எபிசோடுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ கொடுப்பார்கள். அதனால் இங்கே தொகுப்பாளருக்கு நேரம் இல்லை, அதை ஈடுகட்ட முன்தயாரிப்புதான் இருக்கிறது.

முன்தயாரிப்பு என்றால் என்ன என்று நம் மாவட்டத்தை வைத்தே சொல்கிறேன். வெளியூர்க் குழு வந்ததும் முதலில் கேட்பது, விவேகானந்தர் பாறையில் நின்று சூரிய உதயம். முடியாது. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகு காலை 8 மணிக்குத்தான் கிளம்பும், அதுவும் கடல் அடங்கியிருந்தால். அடுத்தது தோவாளைப் பூச்சந்தை. அங்கே வியாபாரம் விடியுமுன் சூடுபிடிக்கும். வெளிச்சம் வரட்டும் என்று ஓட்டலில் காபி குடித்துவிட்டுப் போனால், கழித்துப் போட்ட பூவைத்தான் படமெடுக்கலாம். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டமும் அப்படியே. பால்வெட்டுக்காரர்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே வெட்டத் தொடங்குவார்கள். காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போகிறவருக்குச் சிரட்டையில் பால் எடுக்கிற காட்சி கிடைக்கலாம், வெட்டுகிற காட்சி கிடைக்காது. முந்தின ராத்திரி மழை பெய்திருந்தால் பெரும்பாலும் அதுவும் இல்லை. பத்மநாபபுரம் அரண்மனை தக்கலையில் இருக்கிறது, ஆனால் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தும் அரண்மனை அவர்கள் கையில்தான். அதனால் படப்பிடிப்பு அனுமதிக்குத் திருவனந்தபுரம் போக வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை. சுசீந்திரம் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், காலர் மைக்கை எங்கே குத்துவது என்று ஒரு சவுண்டுக்காரர் என்னைக் கேட்டார். கோயிலுக்குள் கேமராவே கிடையாது என்று சொன்ன பிறகுதான் நிம்மதியானார்.

அப்புறம் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் சாரல் மாதங்களில் அடிக்கிற காற்று உங்களுக்கே தெரியும், முப்பந்தலில் இத்தனை காற்றாலை நிற்பது அதனால்தான். அங்கே நின்று பி.டி.சி. பேசினால், அதாவது கேமராவைப் பார்த்துப் பேசுகிற அந்தப் பகுதி, வீட்டில் பார்க்கிறவருக்கு இரைச்சல்தான் கேட்கும். மைக்குக்கு ரோமத்தாலான உறை போடுவார்கள், ஓரளவு குறையும். ட்ரோன் வைத்திருக்கிறோம் என்று பெருமையாக வருகிற குழுக்களும் உண்டு. 2021ல் வந்த ட்ரோன் விதிகள்படி வரைபடத்தில் சிவப்பு மண்டலமா, பச்சை மண்டலமா என்று பார்க்காமல் பறக்கவிடக் கூடாது. மாவட்டத்தைத் தாண்டினால் கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம் என்று இரண்டு முக்கியமான இடங்கள் இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

இதெல்லாம் புரொடியூசர் வேலை அல்லவா என்று தோன்றும். பெரிய சேனலில் ஆமாம். சின்னக் குழுவில் தொகுப்பாளரும் புரொடியூசரும் டிரைவரோடு வாடகை பேசுகிறவரும் ஒரே ஆள். இன்றைக்கு வேலைக்கு எடுக்கிறவர்கள் தேடுவதும் அப்படிப்பட்ட ஆளைத்தான்.

ஆனால் தொகுப்பாளருக்கே உரிய வேலை ஒன்று இருக்கிறது. மனிதர்களிடம் கேட்பது. முட்டம் கடற்கரையில் ஒரு தொகுப்பாளர் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், “அண்ணே, கடல் வாழ்க்கை எப்படி இருக்கு?” என்றார். “நல்லா இருக்கு” என்று பதில் வந்தது. முடிந்தது. வேறு என்ன சொல்வார் அவர்? இன்னொரு பெண் தொகுப்பாளர், அதே மாதிரி ஒரு இடத்தில், “இந்தக் கண்ணி இவ்வளவு சின்னதா இருக்கே, இதுல என்ன மீன் படும்?” என்று கேட்டார். நெத்தோலி என்று ஆரம்பித்து, சாளை எந்த மாதம், அயலை எந்த மாதம், கரையில் நின்று இழுக்கிற கரமடி வலைக்கு எத்தனை ஆள் வேண்டும், பிள்ளைகள் ஏன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறார்கள் என்று அந்த மனிதர் நிறுத்தவே இல்லை. ஒலிப்பதிவுக்காரர் பேட்டரி மாற்ற வேண்டியதாயிற்று. கண்ணியின் அளவைப் பார்க்கத் தெரிந்ததுதான் அந்தப் பெண்ணின் திறமை. குரல் வளம் இரண்டு பேருக்கும் நன்றாகவே இருந்தது.

தெரிந்துகொண்டு போவதில் மரியாதையும் அடங்கியிருக்கிறது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி இங்கெல்லாம் என்ன செய்தது என்று குளச்சல்காரர் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கிராமங்களுக்கு வருகிற தொகுப்பாளருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டு முன்அறையில் மாலை போட்ட படம் இருக்கிற வீட்டில், “வாவ், கடல் பக்கத்துலயே வீடு, குடுத்து வச்சவங்க” என்று ஆரம்பிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் அங்கேயே பிறந்தவர் என்பது இந்த ஒரு விஷயத்தில் எந்தப் படிப்பையும்விட மேல்.

வரலாறு படித்தவர் என்பதால் இன்னொன்று. பயண நிகழ்ச்சியில் சொல்லப்படுவதில் பாதி கேள்விப்பட்டது. கன்னியாகுமரியில் நிறம் நிறமாக மணல் இருக்கிறதே, அம்மனின் கல்யாணம் நின்றுபோனதால் சமைக்காமல் விட்ட அரிசியும் தானியமும்தான் மணலாயிற்று என்பது ஐதீகம். அழகான கதை, கட்டாயம் சொல்லுங்கள். கூடவே கறுப்பு மணல் இல்மனைட், சிவப்பு கார்னெட், மோனசைட்டும் சிர்கானும் உண்டு, மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் அருமணல் ஆலை இருப்பது இதற்காகத்தான் என்பதையும் சொல்லுங்கள். அந்த மணல் எடுப்பதில் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இருக்கிற மனக்குறையை ஒரு ஊர்க்காரர் வாயாலேயே சொல்லவைத்தால் இன்னும் நல்லது. பத்மநாபபுரத்தின் கறுப்புத் தரையில் முட்டை வெண்கரு, சிரட்டைக் கரி, சுண்ணாம்பு கலந்தார்கள் என்று எல்லா வழிகாட்டியும் சொல்வார். ‘என்று சொல்கிறார்கள்’ என்ற இரண்டு சொல்லைச் சேர்த்தால் போதும், நீங்கள் தப்பித்தீர்கள். முக்கடலும் சேருகிற இடத்தில் நீரில் கோடு போட்டதுபோல் நிறம் பிரிந்து தெரியும் என்று கேமரா முன்னால் மட்டும் சொல்லிவிடாதீர்கள். திருவள்ளுவர் சிலைக்கு இப்படி எதையும் சேர்க்க வேண்டியதே இல்லை. 133 அடி, அதில் பீடம் மட்டும் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு. 2000 ஜனவரி 1 திறந்தார்கள். பாறைக்கும் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் வந்தது. உண்மையே போதுமான அளவு சுவையாக இருக்கும்போது எதற்குக் கயிறு திரிக்க வேண்டும்?

பணத்துக்கு வருகிறேன். சேனலில் மாதச் சம்பளத்துக்குப் பயணத் தொகுப்பாளர் என்று தனியாக ஒரு வேலை இருப்பது அபூர்வம். ஒன்று, நீங்கள் ஏற்கெனவே செய்திப் பிரிவிலோ நிகழ்ச்சிப் பிரிவிலோ வேலையில் இருப்பீர்கள், கூடுதலாக இதையும் செய்வீர்கள். இல்லாவிட்டால் எபிசோடுக்கு இவ்வளவு என்று பேச்சு. எபிசோடு நின்றால் வருமானம் நிற்கும், ஸ்பான்சர் விலகினால் எபிசோடு நிற்கும். பல நிகழ்ச்சிகளில் வெளித் தயாரிப்பாளர் சேனலிடம் ஸ்லாட்டைக் காசு கொடுத்து வாங்கி, விளம்பரம் பிடித்து அதை ஈடுகட்டுகிறார். அந்த வகையில் தொகுப்பாளருக்குக் காசு கடைசியாகத்தான் வரும். எனக்கும் ஒரு இடத்தில் வரவேண்டியது வராமலே போனது, அதை இங்கே விரிக்க விரும்பவில்லை. எடுத்த காட்சிகளின் உரிமை யாருக்கு என்பதையும் முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். உங்கள் முகம் உள்ள எபிசோடை உங்கள் யூடியூபில் போட உங்களுக்கு உரிமை இல்லாமல் போகலாம்.

யூடியூப் என்றதும் சொல்கிறேன். இப்போது பயண நிகழ்ச்சி பார்க்கிற கூட்டத்தில் பெரும்பகுதி அங்கே போய்விட்டது. சேனல்களே அங்கிருந்துதான் ஆள் எடுக்கின்றன. ஆனால் ஓட்டல்காரர் தங்க இடம் கொடுத்து, சாப்பாடு போட்டு வீடியோ எடுக்கச் சொன்னால் அது விளம்பரம். விளம்பரத் தர மன்றம் 2021லேயே இதற்கு விதி போட்டது. 2023ல் மத்திய நுகர்வோர் துறையும், காசோ இலவசமோ வாங்கியிருந்தால் வெளிப்படையாகச் சொல் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. சொல்லாமல் போடுகிறவர்கள் ஏராளம். நீங்கள் சொல்லிவிட்டுப் போடுங்கள். சேனலில் வேலை கேட்டுப் போகும்போது உங்கள் பழைய வீடியோவைத்தான் பார்ப்பார்கள்.

உடம்பும் குடும்பமும் இதில் படுகிற பாட்டை நான் நீட்டவில்லை. போர்டெய்ன் வருடத்தில் பெரும்பகுதி பயணத்திலேயே கழித்தவர். 2018 ஜூனில் பிரான்சில் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குப் பயணம்தான் காரணம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, நானும் சொல்லவில்லை. தொடர்ந்து வீட்டை விட்டு இருப்பது கடினம் என்பது மட்டும், இந்தத் தொழிலில் என்னோடு வேலை பார்த்த எல்லோரும் ஒப்புக்கொள்வது.

குமரித் தமிழ் தடையா? பி.டி.சி.யிலும் வாய்ஸ் ஓவரிலும் பொதுத்தமிழ் கேட்பார்கள், அது பழகினால் வந்துவிடும். ஆட்களிடம் பேசும்போது உங்கள் பேச்சை மாற்றாதீர்கள். மார்த்தாண்டம் சந்தையில் பாட்டியிடம் சென்னைத் தமிழில் பேசினால் அவரும் பள்ளிக்கூடத் தமிழில் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார், காட்சி செத்துப்போகும். கூடுதலாக உங்களுக்கு மலையாளம் காதில் விழுந்து பழகியிருக்கும். எல்லை தாண்டிப் போகிற எந்தக் குழுவுக்கும் அது பெரிய உதவி. எனக்கு முதல் வேலை கிடைத்ததே மலையாளம் பேசத் தெரியும் என்பதற்காகத்தான்.

படிப்பு: பி.ஏ. வரலாறு வீணில்லை, அதற்கு மேல் விஷுவல் கம்யூனிகேஷன் படித்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. தொழில்நுட்பம் முறையாக வேண்டும் என்றால் சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, அரசு நிறுவனம், அங்கே ஒளிப்பதிவு, எடிட்டிங் எல்லாம் உண்டு. தொகுப்பாளர் பயிற்சி என்று விளம்பரம் செய்து சில வாரத்தில் சான்றிதழ் கொடுக்கிற இடங்களுக்குக் காசு கட்டாதீர்கள். எந்தச் சேனலிலும் அந்தக் காகிதத்தை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதைவிட, நாகர்கோவில் வானொலி நிலையத்தில் தற்காலிக அறிவிப்பாளர் தேர்வு அறிவிக்கும்போது எழுதுங்கள். எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு இரண்டும் இருக்கும். பெரிய வருமானம் இல்லை. ஆனால் மூச்சை எங்கே விடுவது, ஒரு வாக்கியத்தை எங்கே முடிப்பது என்பதெல்லாம் அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தானாக வரும். அப்பாவிடம் சொல்லவும் அது ஒரு பதில்.

மற்றபடி ஒரு வருமானத்தை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இதைச் செய்யுங்கள். ஆசிரியர் வேலையோ கடையோ எதுவானாலும் சரி. முதல் வேலையாகச் சிவாலய ஓட்டத்தை எடுக்கலாம் என்பது என் யோசனை. சிவராத்திரிக்கு முந்தின நாள் பிற்பகல் முன்சிறைத் திருமலையில் தொடங்கி, மறுநாள் இரவு திருநட்டாலத்தில் முடிகிற வரை 12 கோயில். கையில் விசிறியோடு, வெறுங்காலில், “கோவிந்தா கோபாலா” என்று சிவன் கோயிலுக்கு ஓடுகிறார்கள். ஏன் சிவனுக்குப் போகிறவர்கள் கோவிந்தனைக் கூப்பிடுகிறார்கள் என்ற ஒரு கேள்வி போதும், ஒரு எபிசோடுக்கு. ஓடுகிறவர்களோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு நீங்களும் ஓட முடியாது. பைக் ஓட்ட ஒரு நண்பர், ராத்திரி வெளிச்சத்துக்கு ஒரு சின்ன எல்.இ.டி. லைட், ஒன்றுக்கு இரண்டாக பேட்டரி வேண்டும். ஒருத்தரை மட்டும் தேர்ந்தெடுத்து, முதல் கோயிலிலிருந்து கடைசிக் கோயில் வரை அவரையே பின்தொடருங்கள். போன வருடம் ஓடிய யாராவது உங்கள் ஊரிலேயே இருப்பார், இப்போதே போய்ப் பேசி வையுங்கள்.